உபதேசியார் திறந்த கதவு

எதிர் வீட்டில் கல்யாணப் பந்தல் போடுகிறார்கள். பச்சைத் தென்னோலை வாசனை சன்னல் வழியாக என் மேசைவரை வந்துவிட்டது. ஓலையை ஒழுங்காக முடையவில்லை, நெடுக இடைவெளி. இதை நான் சொல்லியிருந்தால், "பந்தலுக்கும் மார்க்கு போடுவியா ஏட்டி?" என்று சிரித்திருப்பாய். கருங்கல் கல்லறைத் தோட்டத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த பிறகு என்னைக் கேலி செய்ய ஆளில்லை. இந்த வீட்டில் எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்கிறார்கள். மரியாதை இவ்வளவு தனிமையானது என்று எனக்குத் தெரியாது.

அன்றும் இதே வாசனைதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம்; நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் ஓலைப் பந்தல் போட்டு எழுத்தாளர் மாநாடு. கான்வென்ட் படிப்பை முடித்து இரணியலில் வீட்டோடு இருந்த எனக்கு, என் எழுத்து அச்சில் வர வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. நான் அனுப்பிய கதையை மேடைக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சபைக்குப் பிடித்தால் மாநாட்டு மலரில் வரும். பெரியம்மா மகள் நீ துணைக்கு வந்தால் போகலாம் என்றார் அப்பா. முதல் நாளே கருங்கலிலிருந்து வந்து சேர்ந்தாய். காலையில் வில்வண்டியில் ஏறியதும் என் கையைத் தொட்டுப் பார்த்தாய்.

"ஏட்டி, கையி இப்படி தணுத்துக் கெடக்கே. கதை வாசிக்கப் போறியா, ஒன்னக் கெட்டிக் குடுக்கப் போறாவளா?"

வாசிக்கப் போவது நான் இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பெண்கள் எழுதியதை ஆண் ஒருவர் வாசிப்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். எழுதியவள் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு வாய்த்தவர் ஓர் உபதேசியார். ஊர் ஊராகப் போய் வேதம் வாசித்து ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். நல்ல மனிதர், கணீரென்ற குரல்.

என் கதை உனக்கு மனப்பாடம். கொழும்புக்குப் போய் அங்கே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டவன், பல வருடம் கழித்து ஒரு மழை நாளில் வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே மனைவி தாழ்ப்பாளில் கை வைத்தபடி நிற்கிறாள். அங்கேயே நிறுத்தியிருந்தேன்.

உபதேசியார் அழகாக வாசித்து அந்த இடத்துக்கு வந்தார். தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். ஒரு கணம்தான் தயங்கினார். பிறகு அதே குரலில், அவள் கதவைத் திறந்தாள், அவன் காலில் விழுந்து அழுதாள், அவன் மனந்திரும்பினான், இருவரும் முழங்காலில் நின்று தோத்திரம் செய்தார்கள் என்று முடித்து, பொறுமையுள்ள மனைவியைப் பற்றி நான்கு வார்த்தை உபதேசமும் சொன்னார். பந்தலே கை தட்டியது. அவர் பெண்கள் பக்கம் குனிந்து பெருமையோடு சொன்னார்:

"கடைசித் தாளு எங்கயோ விட்டுப்போச்சு பிள்ளே. பயப்படாத, நான் சமாளிச்சுட்டேன்."

நீதான் எழுந்தாய்.

"தாளு ஒண்ணும் விட்டுப்போகல்ல உபதேசியாரே. அவ கதவத் தொறக்கல்ல."

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ கேட்டார்: "தொறக்காட்டா அவன் மழையில எங்க போவான்?"

"அது அவன் பாடு. வரும்போ வழி தெரிஞ்சுதுல்லா?"

சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று. தலைமை வகித்த வக்கீல் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "உபதேசியார் சொன்ன முடிவு சபைக்குப் பிடித்திருக்கிறது அம்மா. அப்படியே மலரில் போட்டுவிடலாம். சம்மதந்தானே?"

ஒரு தலையசைப்பு போதும், என் பெயர் அச்சில் வந்துவிடும். உன்னைப் பார்த்தேன். நீ வேண்டுமென்றே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கதவைத் திறக்கிற கதை என்னுடையது இல்லை ஐயா. வேண்டுமானால் அவர் பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்" என்றேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாவம், உபதேசியாரின் முகம் சுருங்கிப்போனது. மலரில் நான் இல்லை.

திரும்பும் வழியில் வண்டிக்குள் அழுதேன். பிறர் முன்னால் அழுவது எனக்கு ஆகாது. நீ பிறர் இல்லை. நான் செய்தது சரியா என்று கேட்டேன். நீ தாள்களை எடுத்து என் மடியில் வைத்தாய்.

"நீ வாசி. அந்த மனுசன் வாசிச்சதுல கொரலுதான் கேட்டுது, கத கேக்கல்ல."

குலுங்குகிற வண்டியில், வெளிச்சம் மங்குவதற்குள், முதலிலிருந்து முடிவுவரை வாசித்தேன். முடித்ததும் நீ சொன்னாய்: "அவன் போனதுக்கப்பொறம் அவ தனியா கெடந்தத மூணு எடத்துல எழுதியிருக்க. ஒண்ணு போரும் மக்கா."

யாரும் சொல்லாததைச் சொன்னாய். இரண்டை அடித்தேன். கதை நிமிர்ந்து நின்றது. சில வருடம் கழித்து ஒரு பத்திரிகையில், மூடிய கதவோடு, என் பெயரில் வந்தது.

அதன் பிறகு எழுதிய எல்லாவற்றையும் முதலில் உன் காதுக்குத்தான் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் காலமான துக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதி உன் முன்னால் வாசித்தேனே, நினைவிருக்கிறதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணு போரும்" என்றாய். அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. நீ ஊருக்குப் போகும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ போன பிறகு உட்கார்ந்து அடித்தேன்.

இப்போதும் எழுதுகிறேன். மருமகளிடம் வாசித்துக் காட்டினால், "நல்லா இருக்கு மாமி" என்கிறாள். எதை வாசித்தாலும் நன்றாகவே இருக்கிறது அவளுக்கு. அதனால் இப்போதெல்லாம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு நானே உரக்க வாசிக்கிறேன். உன் காதை என் காதுக்குள் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

இந்த மடலையும் அப்படித்தான் வாசித்துப் பார்த்தேன். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டு வந்ததை மூன்று இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டை அடித்துவிட்டேன். மிச்சமிருக்கும் ஒன்றையும் அடித்துவிட முடியுமானால் அடித்திருப்பேன்.