அப்பா தேடும் ரோட்டர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் பேசலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

நீ கிளம்பிய மறுநாளே அவர் ஷெட்டைத் திறந்தார். அவருடைய பழைய சிவப்புக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இன்ஜினில் மூடியைக் கழற்றிப் பார்த்தால், கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டர் இல்லை. அது உன் பெட்டியில் இருப்பது நம் இருவருக்கும்தானே தெரியும். அதற்கு முன்னால்தான், காரோடு வழி தெரியாமல் நின்றவரைப் போலீஸ்காரர் கூட்டி வந்தார். டாக்டரும் இனி ஓட்டக்கூடாது என்றார். நமக்கு வேறு வழி தோன்றவில்லை. நாலு நாள் கத்துவார், அடங்கிவிடுவார் என்று நினைத்தோம்.

அவர் கத்தவே இல்லையடா. எங்கே நிறுத்தினாலும் திருட்டுக்குப் பயந்து அந்த ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாரே, எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட ஒரு கை பையில்தான் இருக்கும். இப்போதும் தானே கழற்றி எங்கேயோ வைத்து மறந்துவிட்டதாக நினைக்கிறார். எல்லாச் சட்டையையும் உதறினார். மளிகை டப்பாக்களைக் கொட்டிப் பார்த்தார். நானும் கூடவே குனிந்து தேடினேன். பாவி, என்னத்தைத் தேடினேன்!

ஷெட்டில் நிற்கும் அந்தச் சக்களத்தியைப் பார்க்க இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். நீண்ட மூக்கையும் இரண்டே சீட்டையும் கண்டால் காலேஜ் பையன்களுக்கே வாய் பிளந்துவிடுகிறது. போன ஞாயிறு ஒருவன் இன்ஜின் சத்தம் கேட்கணும் சார் என்றான். எனக்கு மறந்துபோச்சு தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

நேற்று வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்து, இனிமே என்னை நம்பி எதையும் வைக்காதே என்றார். சாப்பிடும்போது உன் பிள்ளையின் பெயரைச் சொல்லி, சரிதானா என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னார். நான் சொல்லியும் நம்பவில்லை. கொஞ்சம் மறதி அவருக்கு இருந்தது உண்மை. மிச்சத்தை நாம்தான் கொடுத்தோம்.

நானே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வருகிறது. பயமாக இருக்கிறது. நீ அதைப் பார்சலில் அனுப்பாதே. அலமாரிக்கு அடியில் கிடைத்தது என்று இன்னொரு பொய்யும் வேண்டாம். நேரில் வந்து அவர் கையில் கொடுத்து, நான்தான் எடுத்தேன் அப்பா என்று சொல். ஓட்டலாமா கூடாதா என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா கண்ணு. உன்னை அடையாளம் தெரிந்து அவர் திட்டுகிற காலத்திலேயே வா.

உன் அம்மா