நாலாவது பெட்டியில் ஓம வாசனை

மார்ச் 3

இன்றுதான் மொட்டைமாடிக்கு ஏறினேன். என் மனைவி போய்ச் சேர்ந்து நான்கு மாதம்.

அவளுடைய நான்கு தேனீப் பெட்டிகளில் மூன்றில் சத்தமே இல்லை. காய்ந்த அடைகள், அடியில் சருகு மாதிரி தேனீக்கள். நாலாவதில் மட்டும் உயிர் இருக்கிறது. அதன் ராணி அவள் வளர்த்தது. முதுகில் நீல நகப்பூச்சால் அவளே வைத்த புள்ளி.

கீழே வந்து அத்தையிடம் சொன்னேன். மகள் போனபிறகு என்னோடுதான் இருக்கிறார். "மூணும் போச்சா?" என்றார். பிறகு, "மிச்சம் ஒண்ணையாவது பாத்துக்கங்க மாப்ள. அவ கைபட்டதுல அது ஒண்ணுதான் மூச்சு விடுது."

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறேன்.

மார்ச் 4

அரைக் கப் தேனீக்களைச் சீசாவில் போட்டு, பொடித்த சர்க்கரை தூவி உருட்டி, வலைமூடி வழியே சலித்தேன். அவள் செய்து பார்த்திருக்கிறேன். ஒட்டியிருக்கும் உண்ணிகள் சர்க்கரையோடு உதிரும். முன்னூறு தேனீக்குப் பத்து உதிர்ந்தாலே ஆபத்து.

முப்பத்தொன்று.

செம்பழுப்பு. குண்டூசித் தலை அளவு. நம் உடம்பில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு உறிஞ்சினால் எப்படி? அதையும் சுமந்துகொண்டு பூவுக்குப் போய் வருகின்றன. திறந்துவிட்டதும் மாவு மில்லிலிருந்து வருபவர்கள் போல வெள்ளையாக நடந்து வீட்டுக்குள் போயின. கோபமே இல்லை.

மார்ச் 6

அவளுடைய நோட்டில்: போன வருடம் பெட்டிக்குள் தொங்கவிட்ட மருந்துப் பட்டைக்கு உண்ணிகள் சாகவில்லை. "அதுங்களுக்குப் பழகிப்போச்சு" என்று அவள் புலம்பியது ஞாபகம் இருக்கிறது. அதனால் தைமால் வாங்கி வைத்திருக்கிறாள். ஓமத்திலிருந்து எடுக்கும் படிகம். சீல் உடைக்காத பாட்டில்.

திறந்தேன். வீடு முழுக்க வாசனை. அடுப்படியிலிருந்து அத்தை: "யாருக்கு வயித்துவலி?"

நோட்டை இரண்டு முறை படித்தேன். படிகம் ஆவியாகிப் பெட்டிக்குள் பரவும். உண்ணி சாகும், தேனீ சாகாது. ஒரு செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரந்த மணம், இன்னொரு உயிரை இத்தனை துல்லியமாகப் பிரித்துக் காக்கிறது. அந்த மெல்லிய இடைவெளியை யார் அளந்தது?

மார்ச் 12

பன்னிரண்டு கிராம் வேண்டும். தராசுகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை; அவள் என்னைக் கூப்பிடுவதே 'தராசு' என்றுதான். 12.00 என்று காட்டும்வரை ஊசி முனையால் குறைத்தேன். முப்பது டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாதாம். காலை ஆறு மணிக்கு மாடியில் 24. நல்லது. ஆவி வீணாகாமல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, வாசலை ஒரு விரல் அகலத்துக்குக் குறைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

அதே நாள், ஐந்தரை மணி

ஐயோ.

கூட்டமே வெளிய வந்து தொங்குது. தாடி மாதிரி. பெட்டிமேல கை வைக்க முடியல. வெயில் 39. எங்க லேபுல காலைல இருக்கற சூடுதான் சாயங்காலமும், ஏசி போட்டு வச்சிருப்பாங்க. எட்டு வருஷமா அங்கேயே உக்காந்து, மத்தியானம்னு ஒண்ணு இருக்குங்கறதே மறந்துபோச்சா எனக்கு?

டேப்பை எல்லாம் பிச்சு எறிஞ்சேன். மருந்துத் தட்டை எடுத்தேன். வாசப்பலகையில ராணி செத்துக் கிடக்கு.

நீலப் புள்ளி.

மார்ச் 13

அத்தையிடம் சொல்லிவிட்டேன். எப்படிச் செத்தது, ஏன், எல்லாம். கேட்டுக்கொண்டே கத்தரிக்காய் நறுக்கினார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, "அவ இருந்திருந்தா உங்க காதைத் திருகியிருப்பா" என்றார்.

"ஆமாம் அத்தை."

"ஆமாங்கறதைத் தவிர வேற எதாவது பேசுங்களேன். நான் திருகட்டுமா?"

நிஜமாகவே எழுந்து வந்து திருகினார். மாமியார், மாப்பிள்ளை காதை! வலித்தது. "வலிக்குது அத்தை" என்றேன். "வலிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி நறுக்க உட்கார்ந்தார்.

மார்ச் 14

பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். முன்பிருந்த ரீங்காரம் இல்லை. முனகல். ஏறி இறங்கும் முனகல். இருபதாயிரம் பேருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆனாலும் வாசலில் ஒரு வரிசை தலையைக் குனிந்து, பின்பக்கம் தூக்கி, சிறகடித்து மிச்ச ஆவியை வெளியே தள்ளுகிறது. ஒன்று களைத்து விலகினால் அடுத்தது வந்து நிற்கிறது. முக்கால் மணி நேரம் பார்த்தேன். அந்த இடம் ஒரு நொடிகூடக் காலியாக இல்லை.

மார்ச் 18

அடையில் நிலக்கடலைத் தோல் மாதிரி நான்கு கூடுகள் தொங்குகின்றன. ராணிக் கூடுகள்! செத்தவள் கடைசியாக இட்ட முட்டைகளிலிருந்து வந்த சாதாரணப் புழுக்கள்தான். வேலைக்காரியாகப் போயிருக்க வேண்டியவை. அறையை நீட்டி, வேறு உணவு ஊட்டியதும் ராணியாகின்றன. நான் ஒன்றுமே செய்யவில்லை. செய்யாமலிருந்ததுதான் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

"அப்போ அது பேத்தி முறையா, மக முறையா?" என்று அத்தை கேட்டார். ராணிக்கு மகள் என்றேன். "என் கணக்குல பேத்தி" என்றார்.

மார்ச் 26

ஒரு கூடு வட்டமாக அறுபட்டுத் திறந்திருக்கிறது. மற்ற மூன்றும் பக்கவாட்டில் கிழிந்திருக்கின்றன. முதலில் வெளிவந்து மற்றவர்களைக் கொன்ற புது ராணியைக் காணவில்லை.

ஏப்ரல் 2

காணவில்லை.

ஏப்ரல் 7

முட்டை!

அறைக்கு ஒன்று. அரிசி நொய்யைவிடச் சின்னது, நட்டுவைத்த மாதிரி நிற்கிறது. வெயிலுக்கு எதிரே சட்டத்தைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. மூடிய அறைக்குள் புழுவோடு ஒளிந்துதான் உண்ணி பெருகும். ஆவி அங்கே எட்டாது. இப்போது பழைய குஞ்செல்லாம் வெளிவந்துவிட்டன, புது முட்டை மூடப்பட இன்னும் எட்டு ஒன்பது நாள். பெட்டியில் மூடிய அறை ஒன்றுகூட இல்லை. ஒரு உண்ணிக்கும் ஒளிய இடமில்லை.

மத்தியான வெயிலை மூன்று நாளாகக் குறித்து வருகிறேன். மழை பெய்த பிறகு 28, 29, 27. நான்கு கிராம் வைத்தேன். வாசல் முழுக்கத் திறந்திருக்கிறது. லீவு போட்டுவிட்டு மதியம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வெளியே வந்து தொங்கவில்லை.

ஏப்ரல் 8

அடியில் வைத்த எண்ணெய் தடவிய அட்டையை இழுத்தேன். எண்ணினேன். 412 உண்ணிகள்.

செத்த தேனீ ஒன்றுகூட இல்லை.

ஏப்ரல் 9

188. என் சட்டையெல்லாம் ஓம வாசனை. ஆபீசில் பக்கத்து மேசைக்காரர், "சார், ஜீரணம் சரியில்லையா?" இல்லை, சாப்பாட்டுத் தட்டுகள் உதிர்கின்றன என்றேன். திருதிருவென முழித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏப்ரல் 22

சர்க்கரைச் சோதனை. முன்னூறு தேனீக்கு ஒரு உண்ணி.

இரண்டாவது தடவை சலித்துப் பார்த்தேன். ஒன்றுதான்.

மே 4

காலையில் ஒரு பல் டாக்டர் போன் செய்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆறு பெட்டி வைத்திருக்கிறாராம், உண்ணி தின்கிறதாம். அவள் மருந்துப் பட்டை வாங்கும் கடையில் என் நம்பர் கொடுத்திருக்கிறார்கள்.

"எத்தனை கிராம் போடணும்? அதை மட்டும் சொல்லுங்க."

"அது சொல்ல முடியாது சார். உங்க பெட்டியில மத்தியானம் எவ்வளவு சூடு?"

"மத்தியானமா? நான் கிளினிக்ல இருப்பேனே."

"ஒண்ணும் வைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நானே வரேன். என்கிட்ட ஒரு ராணி செத்துப்போச்சு சார், அதையும் சொல்றேன்."

அத்தை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "கொட்டுமா?" என்றார்.

"கொட்டும்."

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

வீட்டில் முகவலை ஒன்றுதான் இருக்கிறது. சாயங்காலம் போய் இன்னொன்று வாங்கி வந்தேன்.