ஹெரன்ஸ் அணியின் ஒரேயொரு புங்குடுதீவு ஆதரவாளர்

புங்குடுதீவு
12.11.2023

அன்பு மகன் வசீகரனுக்கு,

நீண்ட யோசனைக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இன்று காலை குளித்து, விபூதி பூசி, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அதை உறுதி செய்தேன். இன்று தொடக்கம் நான் ஹார்ட்வெல் ஹெரன்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் ஆதரவாளன்.

இதை நீ சாதாரணமாக எடுக்கக் கூடாது. பண்டாரவளையில் புடவைக்கடை வைத்திருந்த காலத்தில் நான் எல்லாக் கட்சிக்கும் நன்கொடை கொடுத்தேன். ஒன்றுக்கும் ஆதரவாளனாக இருக்கவில்லை. இங்கே கோவிலில் இரண்டு பகுதி வழக்குப் பேசியபோது இரண்டு பகுதிக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். எழுபத்திரண்டு வயதில்தான் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறேன்.

நீ அலுவலக வேலை பார்க்கும் அரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வீட்டுப் பரிமளத்தின் மகள் நிலக்சனாவிடம் கேட்டேன். அவள் போனில் தேடி அந்த அணியின் ஆட்டத்தையே எடுத்துத் தந்தாள். ஹெரன் என்றால் கொக்கு என்றும் சொன்னாள். வேலணைப் பாலத்தடியில் நிற்பவை போல நீளக் கால்காரர்கள். நம்முடைய கொக்குகள் மீன் பிடிக்கும் என்பதுதான் வித்தியாசம். ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றார்கள்.

அம்மாவின் செத்தவீட்டை நீ வீடியோவில் பார்த்த நாளிலிருந்து போனில் முகம் காட்டுவதில்லை. குறை சொல்லவில்லை. எனக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில் முகம் வந்தால் காதில் பறை கேட்கிறது. கடிதம் என்றால் பறை இல்லை. ஆகவே எழுது.

கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவராகவில்லை. நான் சுகம்.

அன்புடன்,
அப்பா
(ஆதரவாளர்)


ஹார்ட்வெல்
05.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். இந்த ஊரிலேயே ஹெரன்ஸ் அணிக்கு ஆதரவாளர்கள் குறைவு. பாதிப் பேர் ரிக்கெற் சும்மா கிடைத்ததால் வருகிறவர்கள். நீங்கள் வேறு அணி பார்க்கலாமே? வெல்கிற அணிகள் எத்தனையோ உண்டு.

இவர்கள் மூன்றாவது வருடமாகத்தான் விளையாடுகிறார்கள். எல்லாம் இருபது, இருபத்தொரு வயதுப் பொடியன்கள். சம்பளத்துக்குத்தான் விளையாடுகிறார்கள், ஆனால் பார்த்தால் அப்படித் தெரியாது. எதிர்காலத்துக்காகக் கட்டியெழுப்புகிறோம், பொறுத்திருங்கள் என்று நிர்வாகம் சொல்கிறது. என் அகதி வழக்கிலும் அதைத்தான் சொல்கிறார்கள். முடியட்டும், வருவேன்.

அலுவலகத்தில் வேலை சுகம். சூடான அறை. பயப்பட வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பரிமளம் அக்காவையும் நிலக்சனாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்பு மகன்,
வசீகரன்


புங்குடுதீவு
02.01.2024

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் நம்முடைய அணி இன்னும் ஆறு ஆட்டம் தோற்றுவிட்டது. நீ வேறு அணி பார்க்கச் சொன்னாய். ஆதரவு என்பது சேலை மாதிரி, பிடிக்காவிட்டால் மாற்றிக்கொண்டு போகிற சாமான் அல்ல.

ஆனால் எனக்கு முறைப்பாடுகள் உண்டு. கோல் காப்பவன், அந்தக் கறுத்த வட்டு உள்ளே போன பிறகுதான் பாய்கிறான். என் கடையில் இப்படி ஒருவன் நின்றான். வாடிக்கையாளர் படியிறங்கிப் போன பிறகு "வாங்கோ, வாங்கோ" என்பான். பயிற்சியாளர் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், "இதிலிருந்து கற்றுக்கொள்வோம்" என்கிறாராம், நிலக்சனா மொழிபெயர்த்தாள். இவ்வளவு கற்றவர்கள் இந்நேரம் பேராசிரியராகியிருக்க வேண்டும். நடுவில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபாடும் நடக்கிறது. அடிபாட்டிலும் தோற்கிறார்கள்.

உங்கள் இரவு ஆட்டம் எங்களுக்கு விடியப்புறம். அந்நேரம் அயல்வீட்டு அப்புத்துரை குறிகட்டுவான் துறைக்குப் போகிற முதல் பஸ்ஸைப் பிடிக்க வருவார். வாசல் படலையில் நின்றபடியே தொடங்குவார்.

"என்ன அண்ணை, கொக்குகள் இண்டைக்கு எத்தினை வாங்கினது?"

"ஏழு."

"குடுத்தது?"

"ஒண்டு."

"அந்த ஒண்டும் மற்றவன் பாவம் பாத்து விட்டதாயிருக்கும். உங்களுக்கேன் இந்த விசர் வேலை? கிரிக்கெற்றைப் பாருங்கோவன். அதிலை வெய்யிலிலை நிண்டு தோக்கிறாங்கள், கண்ணுக்காவது வடிவாயிருக்கும்."

"அப்புத்துரை, நீர் பஸ்ஸை விடப்போறீர்."

"பஸ் போனா அடுத்தது வரும் அண்ணை. உங்கடை ஆக்களுக்கு அடுத்ததும் வராது."

ஆதரவாளனுக்குப் பொறுமை வேண்டும்.

ஒன்று மட்டும் இந்த அணியில் ஒழுங்காக நடக்கிறது. ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு இடைவேளை. வெல்கிற அணி என்றால் அந்நேரம் விளம்பரம் போடுவார்களாம். ஹெரன்ஸை நம்பி விளம்பரம் தர ஆளில்லை. ஆகவே கமரா பேசாமல் ஐஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்போது ஒரு பெரிய வண்டி வந்து, கீறல் விழுந்த ஐஸை எல்லாம் மட்டமாக்கிக்கொண்டு போகிறது. அதை ஓட்டுகிறவர் கெட்டிக்காரர். ஓரம் விடுவதில்லை, ஒரு கோட்டுக்கு மேல் இன்னொரு கோடு போடுவதில்லை. கழுத்தை இடப்பக்கம் சாய்த்தபடி ஓட்டுகிறார். அந்த அணியில் விளையாடுகிற எல்லோரையும் இருத்திவிட்டு அவரை மட்டும் விட்டால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரேயொரு குறை, அவர் தொப்பி போடுவதில்லை. ஐஸுக்கு நடுவில் காதைத் திறந்துகொண்டு போகிறார். பெற்றவர்கள் கிட்ட இருந்தால் சொல்லியிருப்பார்கள். நீ அலுவலகத்தில் இருப்பதால் எப்போதாவது அவரைக் காண்பாய். கண்டால் சொல். பெயர் என்ன என்றும் விசாரித்து எழுது.

மனமுடைந்த ஆதரவாளன்,
அப்பா


ஹார்ட்வெல்
24.01.2024

அன்புள்ள அப்பா,

நீங்கள் சொன்ன ஆளைக் கண்டேன். தொப்பி விஷயத்தைச் சொன்னேன். காதைத் தடவிப் பார்த்தார். பிறகு, போடுகிறேன் என்றார்.

பெயர் டிலோன். தமிழ் ஆள்தான். ஊரில் நல்ல உத்தியோகம் பார்த்தவராம்; இங்கே இந்த வேலை செய்வதை வீட்டுக்கு எழுதுவதற்கு அவருக்குக் கொஞ்சம் கூச்சம். தாய் இல்லை. தகப்பன் தனிய இருக்கிறாராம். கமரா எந்த இடத்தில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். வலப்பக்க மூலைக்கு மேலே என்று சொன்னேன்.

அணியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெளியூரில் இரண்டு ஆட்டம் வென்றார்கள். சொந்த அரங்கில் இன்னும் ஒன்றும் இல்லை. கோல் காப்பவனை மாற்றினார்கள். புதியவனுக்குப் பத்தொன்பது வயது.

மகன்,
வசீகரன்


புங்குடுதீவு
25.02.2024

அன்பு மகன் வசீகரனுக்கு,

தொப்பியைக் கண்டேன். நீல நிறம். நல்லது.

சென்ற ஞாயிறு அம்மாவின் திவசம். ஐயர் வருவதற்கு முன் ஆட்டம் இருந்தது. முதல் இடைவேளையில் வண்டி வலப்பக்க மூலைக்கு வந்து மெதுவானது. டிலோன் என்கிறவர் மேலே பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். உயர்த்திய கையில் தேத்தண்ணி இருந்தது. நிலக்சனா ஓடி வந்து, "பெரியப்பா, கோலோ?" என்று கேட்டாள். ஓம் என்று சொன்னேன்.

மகனே, எழுபத்திரண்டு வயதுக் கிழவன் ஐஸ் ஹொக்கிக்கு ஏன் ஆதரவாளன் ஆனான் என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு நன்றி. முதல் நாளே கண்டுவிட்டேன். கழுத்தைச் சாய்க்கிற பழக்கம் உன் அம்மாவுடையது. கையில் ஊசி இருந்தாலும் அகப்பை இருந்தாலும் அவள் அப்படித்தான் சாய்ப்பாள். நீ அலுவலகம் என்று எழுதினாய். நானும் அலுவலகம் என்று வைத்துக்கொண்டேன். டிலோன் என்று எழுதினாய். அதையும் உன் கூச்சம் என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான் துணி கிழித்து விற்றவன். நீ ஐஸைச் சேலை மாதிரி விரிக்கிறாய்.

ஆதரவாளனுக்குக் கடமையும் உண்டு. நம்மிடையே ஒருவர் நல்ல சேவை செய்தால் வாழ்த்துமடல் எழுதி, சபையில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கிறோம். அந்த ஊரில் உனக்கு யார் அதைச் செய்வார்கள்? ஆகவே நானே எழுதினேன். நிலக்சனா இங்கிலீசில் போட்டு, நேற்றே அணி நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஆட்டத்தின் பதிவைத் திரும்ப ஓடவிட்டு, நீ கை உயர்த்திய இடத்தில் அவள் போனில் பிடித்த படத்தையும் சேர்த்தோம். "இவ்வணியில் இதுவரை தோல்வி காணாத ஒரேயொருவர்" என்று தொடங்குகிறது. அப்புத்துரை வாசித்துவிட்டு, "அண்ணை, இதிலை ஒரு பொய்யும் இல்லை. வாழ்த்துமடலிலை நான் இதைக் கண்டதில்லை" என்றார்.

பெயரை மட்டும் சரியாகப் போட்டேன். புங்குடுதீவு பரராசசிங்கம், காலஞ்சென்ற கமலாதேவி தம்பதியரின் ஏக புத்திரன் வசீகரன். இன்னொருவருடைய பெயரில் உனக்குப் புகழ் வரக் கூடாது.

இரண்டாம் இடைவேளையிலும் கை காட்டு. ஒரு தரம் போதாது.

அன்புடன்,
அப்பா


ஹார்ட்வெல்
11.03.2024

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. வாழ்த்துமடல் அதற்கு முன்பே வந்துவிட்டது.

முகாமையாளர் அதை ஊழியர் கூட்டத்தில் வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். கோல் காப்பவன் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தான். படத்தோடு சேர்த்துச் சுவரில் ஒட்டினார்கள். பிறகு முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு, வசீகரன் என்பது யார் என்று கேட்டார்.

அப்பா, என் வழக்கு போன ஆவணியில் தோற்றுப்போனது. மேன்முறையீடும் இல்லை. வேலை செய்யும் அனுமதியும் அதோடு முடிந்தது. டிலோன் என்னோடு அறையில் இருந்தவன். அவனுடைய பெயரில், அவனுடைய வேலை அனுமதி அட்டையில்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அவனையும் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். அவன் என்னோடு கோபிக்கவில்லை. ஆனால் இனி ஒரே அறையில் இருக்க ஏலாது என்றான். அது நியாயம்.

இது உங்களுக்குத் தெரிய வழியில்லை. கூச்சம் என்று எழுதியவன் நான். அதனால் நீங்கள் இதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்க வேண்டாம்.

நாளைக்கு இந்த இடத்தை விட்டுப் போகிறேன். எங்கே என்று எழுதாமல் இருப்பது நல்லது. போன் இலக்கமும் மாறும். தேடுகிறவர்களுக்குத் தெரியாமல் ஒரு விலாசம் கிடைத்தால் எழுதுவேன். நீங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டாம்.

வேலையை விட்டு வரும்போது மடலைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

மகன்,
வசீகரன்


புங்குடுதீவு
31.03.2024

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. விலாசம் வந்தால் எழுதுவேன் என்று சொன்னாய். அதுவரை பொறுக்க வேண்டும் என்று தெரியும். என்றாலும் எழுதாமல் இருக்க ஏலாமல் பழைய விலாசத்துக்கே இதைப் போடுகிறேன். டிலோன் இருந்தால் பிரித்து வாசிக்கட்டும். தம்பி டிலோன், உமக்கு ஒரு கிழவனால் வந்த கரைச்சலுக்குப் பொறுத்துக்கொள்ளும்.

நிலக்சனாவிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. மடலுக்குப் பதில் வந்ததா என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். எல்லோரும் கை தட்டினார்கள் என்று சொன்னேன். அப்புத்துரை படலையில் நின்று ஒன்றும் கேட்பதில்லை. பஸ்ஸுக்கு நேரத்துக்குப் போகிறார்.

நீ எங்கே இருந்தாலும் அந்த நீலத் தொப்பியை எடுத்துக்கொண்டு போயிருப்பாய் என்று நினைக்கிறேன்.

இன்று விடியப்புறம் இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சொந்த அரங்கம். எழும்பி இருந்து முழுவதும் பார்த்தேன். இடைவேளையில் வண்டி வந்தது. ஓட்டியவர் வயதானவர், தொப்பி போட்டிருந்தார். வலப்பக்க மூலையில் ஒரு முழம் விடுபட்டது. இரண்டாம் இடைவேளையிலும் அதே இடம் விடுபட்டது. மேலே பார்க்கவில்லை.

தண்ணீர் உவராகத் தொடங்கிவிட்டது. குடிக்கப் பவுசர் வண்டியில் எடுக்கிறேன். சுகமாக இருக்கிறேன்.

அப்பா

பி.கு.: ஹெரன்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது.