அம்மனாகிவிட்ட நம்ம வேம்பு

என் செல்லத் தம்பி சேகருக்கு,

நீ போனதிலிருந்து உரிமையா திட்ட ஆளே இல்லடா எனக்கு. இன்னைக்கு உனக்கு ஒரு சேதி சொல்லணும். நல்ல சேதி இல்ல.

நம்ம தெருமுனைக் காலி மனையில நிக்குதே வேம்பு, கருவடிக்குப்பத்துல நம்ம பக்கம் மிஞ்சின ஒரே பெரிய மரம், அதை வெட்டிட்டு கார் நிறுத்த இடம் பண்ணணும்னு தெருச் சங்கக் கூட்டத்துல பேசும்போதெல்லாம் நீ மல்லுக்கு நிப்பே. "நிழல் தருது, காத்து தருதுன்னு சொல்லிக் காப்பாத்தாதீங்க. நமக்கு ஒண்ணுமே தரலன்னாலும் அது அங்க நிக்கலாம்"ம்பே. பைத்தியம்னு சிரிப்பாங்க. எவ்வளவு அலுத்துப் போயிருப்பே நீ?

உன் வருஷ தெவசம் முடிஞ்ச கையோட ரம்பத்தோட ஆள் வந்துட்டான். எதிர்வீட்டு கலா என்ன செஞ்சா தெரியுமா? அடிமரத்துல மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, மஞ்சத்துணியைக் கட்டிட்டா. வந்தவன் செருப்பைக் கழட்டி ஒரு கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போயிட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. நீ பேசிப் பேசி ஆகாதது ஒரு முழத் துணியில ஆயிடுச்சே.

அதோட விட்டிருக்கலாம். அம்மன் மண்ணுல நிக்கலாமான்னு ஆடி மாசம் மேடை கட்டினாங்க. அடிமரத்தை ஒட்டி, ஒரு விரல் இடம் விடாம சிமென்ட். அதுக்கு மேல டைல்ஸ். மேடைக்கு மேல போட்ட தகரக் கூரைக்கு இடிக்குதுன்னு கிளையெல்லாம் கழிச்சாச்சு. இப்போ வேருக்குத் தண்ணி இறங்க வழியில்ல. ஐப்பசி மழையிலயே இலை கொட்டுது, பட்டை வெடிச்சிருக்கு.

"மரம் சாகுது கலா"ன்னேன்.

"அம்மன் எப்படிக்கா சாவா?"

"அம்மன் சாக மாட்டா. மரம் சாகும்."

அன்னையிலிருந்து என்கிட்ட பேச்சில்ல. சாமி குத்தமா பேசுறேனாம். தை மாசம் என் மக ரேவதிக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. ஏதாவது தடங்கல் வந்தா அம்மன்தான் கேட்டுட்டான்னு சொல்லுவாங்க. பயமாத்தான் இருக்குடா.

எல்லாரும் நல்லது நினைச்சுத்தான் செஞ்சோம். வெட்ட வந்தவனுக்கும் எங்களுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

வர்ற ஞாயித்துக்கிழமை அம்மனுக்குப் பொங்கல் வைக்க எல்லாரும் கூடுவாங்க. அவங்க கண்ணு முன்னாடியே கடப்பாரையோட போய் அந்த மேடையை உடைக்கப் போறேன். மரம் பிழைக்குமான்னு தெரியாது. பட்டுப் போனாலும் விறகுக்குன்னு ஒருத்தரையும் தொட விடமாட்டேன். பட்ட மரமும் அங்க நிக்கலாம்.

உன் கூடப் பொறந்தவ,
அக்கா மங்கை