முனை தட்டையான ஏழு கோடுகள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

காலையிலிருந்து போஸ்டர் வேலை. கவரைப்பேட்டை பக்கத்துக் கல்லூரியில் புதன்கிழமை பெரிய மாநாடு. உடம்பிலுள்ள செல்கள் ஒன்றுக்கொன்று எப்படித் தகவல் அனுப்புகின்றன என்று பேச ஜப்பான், பிரேசிலிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். மொத்தம் நாற்பத்திரண்டு போஸ்டர். எங்கள் கும்மிடிப்பூண்டி பேனர் கடைக்கு இவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததேயில்லை. முதலாளி ஷஃபியுல்லா பாய் மதியம் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

பத்தாவதோடு நின்ற எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. வட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். எல்லாம் பிடிஎஃப். அளவு பார்த்து அப்படியே அடிக்க வேண்டியதுதான். ஒன்று மட்டும் நாங்கள் டிசைன் போடும் கோரல் சாஃப்ட்வேரில் செய்த ஃபைல், அந்தக் கல்லூரியிலேயே ஆராய்ச்சி செய்யும் நாஜியா அக்காவுடையது. எங்கள் பழைய கோரலில் திறந்தால் ஏதாவது உடைந்துதான் வரும். இதிலும் அப்படித்தான். ஏழு கோடுகளில் அம்புத்தலை இல்லை, முனையில் சின்னதாக ஒரு குறுக்குக் கோடு மட்டும் நிற்கிறது. ஏழுக்கும் அம்பு வைத்துச் சரிசெய்தேன். யாரும் சொல்லாமல் நானே செய்தது. சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 4



மெஷின் பார்க்கும் ரோசம்மாள் அக்காவும் நானும் கல்லூரிக்குப் போய் போஸ்டர்களை மாட்டினோம். மாட்டும்போதுதான் பார்த்தேன். ஜப்பான்காரர் போஸ்டரிலும் குறுக்குக் கோடு. பிரேசில்காரருடையதிலும். எல்லாருக்கும் ஒரே மாதிரியா உடையும்? ஒரு போஸ்டரின் கீழ் மூலையில் சின்னக் கட்டம். அம்பு போட்டுப் பக்கத்தில் ஒரு வார்த்தை, குறுக்குக் கோடு போட்டு இன்னொரு வார்த்தை. போனில் அர்த்தம் தட்டிப் பார்த்தேன். அம்பு என்றால் தூண்டுவது. குறுக்குக் கோடு என்றால் தடுப்பது.

நாஜியா அக்கா 'தடுக்கிறது' என்று எழுதிய ஏழு இடத்திலும் நான் 'தூண்டுகிறது' என்று மாற்றி வைத்திருக்கிறேன்.

அவர் விருந்தினர் அறைக்கும் மேடைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். தன் போஸ்டர் பக்கமே வரவில்லை. ரோசம்மாள் அக்காவிடம் சொன்னேன். "ஐயோ, வாயத் தொறக்காத. நீ பேசாத பொண்ணுதானே, இன்னிக்கும் அப்டியே இரு" என்றார்.

பிப்ரவரி 5, புதன்

காலையில் பாயிடம் சொன்னேன். அதற்கே பாதி உயிர் போய்விட்டது.

"பார்ட்டி கேட்டாங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப இன்னாத்துக்கு நாம போய் சொல்லணும்? அடுத்த வருசம் ஆர்டர் வாணாமா? போய் வேலையப் பாரு."

பார்த்தேன். பார்க்க முடியவில்லை. இரண்டு மணிக்கு நடுவர்கள் போஸ்டர்களைச் சுற்றி வருவார்களாம். அவர்களுக்குப் பிடித்த ஐந்து பேரை மட்டும் மேடையில் பத்து நிமிடம் பேச விடுவார்களாம். நாஜியா அக்கா தன் ஆராய்ச்சிக்கு நேரெதிரான படத்துக்குப் பக்கத்தில் நிற்பார், என்னால்.

பாய் தொழுகைக்குப் போனதும் வெள்ளை வினைல் ஸ்டிக்கரில் சின்னச் சதுரம் ஏழு, கறுப்பில் குறுக்குக் கோடு ஏழு வெட்டினேன். ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நேரில் போனதும் வந்தது இவ்வளவுதான்: "அக்கா, அந்த அம்பு... நான்தான்."

அவர் போஸ்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி போஸ்டரை.

"காலைலருந்து நானே இத்த பாக்கல பாரு. ரெண்டு வருசத்த ஏழே அம்புல கவுத்துட்டியேமா!"

அழுதுவிடுவேன் போலிருந்தது. "அழுவாத, ஒட்டு. இன்னும் இருவது நிமிசம் இருக்குது" என்றார்.

சதுரத்தால் அம்பை மூடி, மேலே கோட்டை ஒட்டினேன். ஏழும் நேராக உட்கார்ந்தன. பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னார், அந்தக் கோடுகள் கிளம்பும் புரதத்தின் வேலையே செல்லிடம் போதும், வளராதே என்று சொல்வதாம். அது வாயை மூடிக்கொண்டால் செல் பெருகிக்கொண்டே போகுமாம். கடைசியில் புற்றுநோய்க் கட்டி.

பிப்ரவரி 6

நாஜியா அக்காவின் போஸ்டர் தேர்வாகவில்லை. கடைக்கு போன் செய்து, "ஒட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லமா" என்றார். உண்மையா? எனக்காகச் சொன்னதா? தெரியாது.

அதே போனில் பாயிடமும் பேசினார். பாய் வைத்துவிட்டு வெகுநேரம் இன்க் பாட்டிலையே துடைத்துக்கொண்டிருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"என் கைல சொல்லாம போனியே, அது தப்பு."

"ஆமா பாய்."

"இனிமே எந்த ஃபைல்ல இன்னா மாத்தறதா இருந்தாலும், பார்ட்டிக்கு நீயே போன் போட்டுக் கேளு."

"ரோசம்மாக்கா கேக்கட்டும் பாய்."

"அவ கேட்டா சண்டைக்குப் போற மாரி இருக்கும். நீ கேளு."

பிப்ரவரி 8

ஒரு ஃபைலில் சந்தேகம், பார்ட்டியின் நம்பரைப் போட்டேன். அவர்கள் எடுத்ததும் வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 19, புதன்

கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று. ஆரம்பாக்கத்துக்காரர். மகன் அனுப்பிய படத்தில் அவர் கண் மூடியிருந்தது. இப்படி வந்தால் வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வைத்துத் திறந்துவிடுவோம். எங்கள் வேலையில் அது வழக்கம், யாரையும் கேட்பதில்லை. கேட்டேன்.

"அண்ணே, பேனர் கடைலருந்து பானு பேசறேன். படத்துல அப்பா கண்ண மூடிகினு இருக்காரு. தொறந்து வைக்கட்டுமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் போனை வைக்கவில்லை.

"வாணாம்மா. மத்தியானம் சாப்ட்டு அப்டித்தான் தூங்குவாரு. அப்டியே இருக்கட்டும்."

அப்படியே அடித்தேன்.