அடைக்காமல் விட்ட ரத்தக்குழாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா பிழைத்துக்கொண்டாள், காலும் தப்பியது. இதை முதலிலேயே சொல்லாவிட்டால் நீ நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினாலே எங்களுக்குப் போதும். போனில் இதையெல்லாம் பேச முடியவில்லை கண்ணம்மா, அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு நான் சொல்வதைத் திருத்துகிறாள்.

சிறுநீரகத்தில் வந்த நோய் முதுகெலும்பில் போய்க் கட்டியாக உட்கார்ந்தது உனக்குத் தெரியும். பஸ் ஓட்டும்போது கிளட்சை மிதிப்பதே தெரியவில்லை என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் இறங்கினாளே, அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். இந்த வகைக் கட்டி முழுக்க ரத்தமாம், அப்படியே கத்தி வைத்தால் நிறுத்துவது கஷ்டமாம். அதனால் முதல் நாளே தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்கு ரத்தம் போகிற குழாய்களை உள்ளேயே அடைத்துவிடுவோம், மறுநாள் ஆபரேஷன் என்றார் பெரிய டாக்டர். "டீசல் பைப்பை மூடிட்டு இன்ஜின்ல கை வைப்பீங்க, அதானே" என்றாள் உன் அம்மா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

அடைக்கிற அன்று அவளுக்கு மயக்கம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு குழாயிலும் முதலில் துளி மரப்பு மருந்து விட்டு, காலை ஆட்டச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் விட்டதும் இடது கால் அசையவே இல்லை, தண்டுவடத்துக்கும் அதே குழாயில்தான் ரத்தம் போகிறதாம். குழாய் விட்ட டாக்டரம்மா வெளியே வந்து, "மருந்தோட வேகம் குறைஞ்சதும் கால் அசைஞ்சிடுச்சு, பயப்படாதீங்க. ஆனா அதை அடைச்சா கால் நிரந்தரமா போயிடும். அடைக்காம விட்டா நாளைக்கு ரத்தம் அதிகமா போகும், உயிருக்கும் ஆபத்து வரலாம். விட்டுடுங்கன்னு உங்க மனைவி சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். கால் போனால் போகட்டும், நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன், ஆள் இருந்தால் போதும் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அது அவள் கால், என் கால் இல்லையே. அவ சொன்னபடியே செய்யுங்க என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அந்த ஒரு இடத்தில்தான் ரத்தம் பீறிட்டதாம். அழுத்திப் பிடித்து, ரத்தம் ஏற்றிச் சமாளித்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அடைபட்டிருந்ததால்தான் தப்பினாள், இல்லாவிட்டால் எடுத்துவைத்த ரத்தம் போதாமல் போயிருக்கும் என்றார் பெரிய டாக்டர். ஓரத்தில் கொஞ்சம் கட்டியை விட்டுவிட வேண்டியதாயிற்று, அதற்குக் கதிர்வீச்சு கொடுப்பார்களாம். நோய் போய்விடவில்லை, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இனி பஸ் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லீவு கிடைத்ததும் வா. வராதே என்றுதான் சொல்வாள், காதில் வாங்காதே. அழுவதை அங்கேயே அழுது முடித்துவிட்டு வா.

நேற்று நர்ஸ் பிடித்துக்கொள்ள எழுந்து நின்றாள். நான் கையை நீட்டினேன், "தள்ளி நில்லுங்க, வழியை மறைக்கிறீங்க" என்றாள். தள்ளி நின்றேன். பாத்ரூம் வரை நடந்துபோய்க் கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணம்மா.

உன் அப்பா