கங்காணி என்று போடலாமா, மாமா?

மாமா,

கல்யாணப் பத்திரிகை மாதிரிக்கு ஒன்று அச்சகத்திலிருந்து வந்திருக்கிறது. மை வாசம் இன்னும் போகவில்லை. உங்கள் பேத்திக்குத்தான் கல்யாணம். 'காலஞ்சென்ற கங்காணி' என்று தொடங்கும் வரியில் உங்கள் பெயர். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். மாமனார் வீட்டுப் பெருமை ஈப்போ முழுக்கத் தெரியட்டுமே என்ற வியாபாரிப் புத்தி.

மகளுக்கு முகம் மாறிவிட்டது. "அப்பா, அந்த வார்த்தைய எடுத்துடுங்கலா. கங்காணின்னா ஆளுங்கள ஏசி வேலை வாங்குனவருன்னுதான் நினைப்பாங்க. மாப்பிள்ளையோட பாட்டி நம்ம தாத்தாவுக்குக் கீழ பால்மரம் சீவுனவங்க. கல்யாணமே நின்னுடப் போவுது."

அவள் பயம் நியாயம்தான். மாப்பிள்ளையின் அப்பா பிறந்ததே தெலுக் இந்தான் பக்கம், உங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில்.

உங்களுக்கே அந்தப் பட்டம் ஒரே மாதிரியாக இருந்ததில்லையே. நான் பெண் கேட்டு வந்த காலத்தில், விடியும் முன் பெரட்டுக்களத்தில் நீங்கள் பெயர் கூப்பிட, மொத்தத் தோட்டமும் வரிசையில் நின்று பதில் சொல்லும். "இரும்புச் சாமான் கடைக்காரனுக்குக் கங்காணி மகளா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு, வேலை போய் என் கடைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். ஒருநாள் ஆணி வாங்க வந்த உங்கள் பழைய தோட்டத்து முதியவர் உங்களைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார்.

"யோவ், செருப்பப் போடுய்யா! இங்க நான் சும்மா ஆளு."

அன்று மத்தியானம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகு யாராவது கங்காணி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

மறைத்து வியாபாரம் பண்ணி எனக்குப் பழக்கமில்லை. பத்திரிகையை எடுத்துக்கொண்டு காம்பாரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்கே போனேன். அந்த வரியில் அவர் விரல் நின்றது.

"உங்க மாமனாரு எங்கம்மாவ வாய்க்கு வந்தபடி ஏசுவாரு. அது மறக்கல, சம்பந்தி."

பத்திரிகையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்; அவர் விடவில்லை.

"ஆனா தங்கச்சி வயித்துல இருந்தப்ப, மேட்டுல மரம் சீவுற நிரைய மாத்தி லயத்துக்குக் கிட்ட இருந்த நிரையக் குடுத்தாரு. அதையும் ஏசிக்கிட்டேதான் குடுத்தாரு!"

இருவரும் சிரித்துவிட்டோம். "எடுத்துடச் சொல்லவா?" என்றேன்.

"எடுக்கறதா? அந்தக் காலத்துல எங்கப்பன் கங்காணி வீட்டு வாசல்ல பொண்ணு கேட்டு நிக்க முடியுமா? நல்லாப் பெருசாப் போடுங்கலா! எங்கம்மா படத்துக்கு முன்னாடி மொதப் பத்திரிக அதான்."

பெருமைக்கென்று போட்ட சொல், மாமா. இப்போது படித்தால் உங்கள் ஏச்சும் கேட்கிறது, லயத்தோரத்து நிரையும் தெரிகிறது. ஒன்றை விட்டு ஒன்றை இனி நினைக்க முடியாது.

இன்று காலை கடையில் சிமெண்டு மூட்டை இறக்கும் ஆள் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒழுங்கா ஒரு வேலை பாக்கத் தெரியுதா உனக்கு? போய் உள்ள உக்காந்து ஆணியப் பிரி!" என்று கத்தினேன்.

கல்லாவில் இருந்த உங்கள் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா வந்துட்டாரு" என்றாள்.